இருபது வீடு, இருபது 'ஆம்'

அபர்டீன் குளிரில் கம்பளிக்குள் இருக்கும் அன்பு மகள் மிதுஷாவுக்கு,

ஆயர் ஈத்தாமிலிருந்து அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் நலம். லிஃப்ட் மட்டும் நலமில்லை. பதினொரு நாளாக நீ என் ஃபோனை எடுக்காததால் காகிதத்தை எடுத்திருக்கிறேன்.

தப்பு என்னுடையதுதான். அங்கே பிற்பகல் மூன்றரை மணிக்கே இருட்டிவிடுகிறது, மனசு எதிலும் ஒட்டவில்லை, குளிர்காலத்தில் நூற்றில் சில பேருக்கு இப்படி வருமென்று டாக்டர் சொன்னார் என்று நீ சொன்னாய். நம் வீட்டில் இருப்பதே மூன்று பேர், நூறு பேரில் சிலருக்கு வருவது மூன்று பேருக்குள் எப்படி வந்தது என்று, புள்ளிவிவர ஆபீஸில் முப்பத்துநாலு வருடம் கிளார்க்காக இருந்த புத்தி கேட்டுவிட்டது. போதாததற்கு, "வெளிச்சம் இல்லாட்டி லைட்டப் போடு" என்றும் சொன்னேன். நீ ஃபோனை வைத்துவிட்டாய். டாக்டரும் தினம் முன்னால் உட்கார ஒரு பிரகாச விளக்குதான் எழுதிக்கொடுத்திருக்கிறார் என்று பிறகு அம்மா சொன்னாள். கொஞ்சம் பெருமைப்பட்டேன். அதற்கும் திட்டு வாங்கினேன்.

சரி, இது எத்தனை பேருக்குத்தான் வருகிறது, பார்த்துவிடுவோம் என்று படிவம் அடித்து, நம் பிளாக்கில் இருபது வீடு ஏறி இறங்கினேன். 'வருடத்தில் ஏதாவது ஒரு பருவத்தில் மனம் சோர்கிறதா? ஆம் / இல்லை.' இந்த வெயில் ஊரில் யார் 'ஆம்' போடப்போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். கீழே மீ கோரேங் நூடுல்ஸ் கடை ஷேக் அலாவுதீன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "பாலிக் புலாவ் டுரியான் பழ சீசன் முடிஞ்சா மூணு வாரம் எனக்குச் சிரிப்பே வராதுலா அண்ணே" என்றார். மூன்றாவது மாடி கார்த்திகேசு, "மழை மாசம் வந்தா கட்டில விட்டு எந்திரிக்கவே மனசு வராது" என்றார். எந்நேரமும் சிரிக்கும் நூருல் ஹுதா, "புகை மூட்டம் வந்தா அழுகையா வருது அங்கிள்" என்று சொல்லிவிட்டு அப்போதும் சிரித்தாள். இருபது வீட்டிலும் 'ஆம்'. என் சர்வீஸில் இப்படி ஒரு நூறு சதவீதத்தைப் பார்த்ததில்லை. ஆகவே மகளே, நீ தனி ஆள் இல்லை. வராதவர்கள்தான் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

விளக்கு முன்னால் வேளாவேளைக்கு உட்கார். டாக்டர் சொன்னதைக் கேள், அப்பா சொன்னதை விடு. நம் கோயில் தண்ணீர்மலையான் அந்தக் குளிரிலும் உன் பக்கத்தில் இருக்கட்டும்.

அன்பு அப்பா,
விநாசித்தம்பி

பி.கு.: கடிதத்தைத் தபாலில் போடப் போகும்போது அலாவுதீன் கூப்பிட்டு, "சரியாச் சொன்னனா அண்ணே? பத்மாவதி அக்கா சொல்லிக்கொடுத்தத அப்படியே சொல்லிட்டேன்லா" என்றார். எனக்கு முன்னாலேயே உன் அம்மா இருபது வீட்டுக்கும் போய், "பிள்ள அங்க தனியா இருக்கு, 'ஆம்'னு போடுங்க" என்று சொல்லி வைத்திருக்கிறாள். ஆக மேலே எழுதிய கணக்கு முழுதும் செல்லாது. யாரும் சொல்லிக்கொடுக்காத படிவம் ஒன்றே ஒன்று, இருபத்தொன்றாவது. இன்று நானே நிரப்பினேன். மனம் சோர்கிறதா? ஆம். எந்தப் பருவத்தில்? நீ ஃபோன் எடுக்காத இந்தப் பதினொரு நாள்.