நோம்பி அன்று தொண்ணூற்றிரண்டு டெசிபல்

என் பெயரில் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை இருக்கிறது. இணையத்தில் தேடினால் இன்றும் கிடைக்கும். ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்காக, சிவப்பு எழுத்தில், 'திரும்பப் பெறப்பட்டது' என்று அச்சிட்டிருப்பார்கள். நல்ல கட்டுரைகளை உலகம் மறந்துவிடுகிறது. இந்த மாதிரிக் கட்டுரையை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறது.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. பீளமேட்டுப் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில், ஜவுளித் தொழில்நுட்பத் துறையில் உதவிப் பேராசிரியர். (பெயர் வேண்டாம். கல்லூரி இன்னும் இருக்கிறது, அதற்கு வக்கீலும் இருக்கிறார்.) தற்காலிகப் பணி. அந்தக் கல்வியாண்டு முடிவதற்குள் முதல் ஆசிரியராக ஒரு கட்டுரை வெளியிட்டால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் ஜூன் மாதம் வர வேண்டாம். திருமணமாகி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. கிணத்துக்கடவில் தென்னந்தோப்பு வைத்திருந்த என் மாமனார், மாப்பிள்ளை காலேஜ் வாத்தியார் என்ற ஒரே காரணத்துக்காகப் பெண் கொடுத்தவர். வேறு காரணம் எதுவும் என்னிடம் அவருக்குத் தென்படவில்லை.

எங்கள் கல்லூரியில் ஆளை அளக்க ஓர் அட்டவணை இருந்தது. முதல் ஆசிரியருக்கு முழு மதிப்பெண், இரண்டாமவருக்குப் பாதி, மற்றவர்களுக்குத் தலைக்குக் கொஞ்சம். கட்டுரையில் என்ன இருக்கிறது என்பதற்கு அட்டவணையில் கட்டம் கிடையாது. முதல்வர் காலையில் வந்ததும், தம்முடைய கட்டுரைகளை எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று கணினியில் பார்ப்பார். எண்ணிக்கை கூடியிருந்தால் அன்றைக்கு யார் கேட்டாலும் விடுப்புக் கிடைக்கும். முந்தைய ஆண்டு அவர் பெயரில் நாற்பத்தாறு கட்டுரைகள் வந்திருந்தன. அவற்றை அவர் எழுதவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். படிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

சோமனூரில் என் அக்கா வீட்டுக்காரர் முருகேசன் மச்சான் எட்டு விசைத்தறி வைத்திருந்தார். தறியின் கால்களுக்கு அடியில் பழைய லாரி டயரை வெட்டிச் செருகினால் சத்தம் குறைகிறது என்பது அவர் கண்டுபிடிப்பு. விருந்துக்குப் போன இடத்தில் அதைப் பார்த்தேன். என் ஆராய்ச்சி வாழ்க்கையில் நான் செய்த ஒரே உழைப்பு அந்தப் பார்வைதான். டயர் செருகாத தறி, செருகிய தறி, இரண்டின் ஒலியையும் நாற்பது நாள் அளந்தால் ஒரு கட்டுரை.

துறையிலிருந்து ஒலி அளக்கும் மீட்டரை எடுத்துப் போனேன். இரண்டு நாள் அளந்தேன். தலைவலி வந்தது. மூன்றாம் நாள் மீட்டரை மச்சான் கையில் கொடுத்தேன்.

"இதுல எதைங்க அமுத்தோணும் மாப்ள?"

"அந்தச் செவப்புங்க மச்சான். நம்பர் வரும், எழுதி வெச்சிருங்க."

"அவ்வளவுதானுங்களா? நீங்க வெசனப்படாம காலேசுக்குப் போங்க." பிறகு, மீட்டரைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "நம்ம பேரும் வருங்களா அதுல?"

"வராம எப்பிடிங்க மச்சான்?"

மீதி முப்பத்தெட்டு நாளும் வேளைக்கு ஒருமுறை எழுதி வைத்திருந்தார், ஏழாம் வகுப்புப் படித்த மகள் தர்ஷினியின் சமூக அறிவியல் நோட்டில். குறுக்கே ஒன்பது நாள் எண் இல்லை. நான்கு நாளுக்கு 'கரண்ட் இல்லை' என்றும், ஐந்து நாளுக்கு 'நோம்பி. தறி ஓடலை' என்றும் எழுதியிருந்தார். நோம்பி என்றால் எங்கள் பக்கம் திருவிழா. மாரியம்மன் நோம்பிக்குச் சோமனூரில் தறி ஓட்டுகிறவர் யார்?

என் துறைத் தலைவர் வரைபடத்தைப் பார்த்தார். "நடுவுல ஓட்டை ஓட்டையா இருந்தா கேள்வி கேப்பாங்க தம்பி. கொஞ்சம் சீராக்கிப் போடுங்க." சீராக்கினேன். ஒன்பது நாளுக்கும் ஒரே சராசரியை நிரப்பினேன்: தொண்ணூற்றிரண்டு புள்ளி நான்கு. (இப்போது நான் வேலை செய்யும் பத்திரிகையில் இதற்குப் பொய் என்று பெயர். கல்லூரியில் சீராக்கம் என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள்.)

அடுத்தது ஆசிரியர் பட்டியல்.

"முதல் பேரு உங்களுதுதானுங்க, அதுல மாத்தமே இல்லை," என்றார் துறைத் தலைவர். "பொறவு பிரின்சிபால் சார். அவரை உட முடியுங்களா? அப்புறம் நானு. தாளாளர் பையன் டீனா வந்திருக்காரு, அவரை உட்டா நல்லாருக்குங்களா? நாமக்கல்ல நம்ம சிநேகிதர் ஒருத்தர், போன மாசம் அவரு கட்டுரையில என்ற பேரைப் போட்டாருங்க. நாம போடாம இருந்தா மரியாதை இல்லீங்களே."

எனக்கு இது புதிதாகத் தெரியவில்லை. எங்கள் பக்கம் கல்யாணப் பத்திரிகையில் ஒரு பெரியப்பா பெயர் விட்டுப்போனால், அந்த வீட்டார் மண்டபத்துக்கு வந்தாலும் பந்தியில் உட்கார மாட்டார்கள். வயது, உறவு, கோபிக்கும் திறன் மூன்றையும் பார்த்துப் பெயர் அடுக்க எனக்குச் சின்ன வயதிலேயே பழக்கம். அதே கைத்திறனோடு அடுக்கினேன். பதினொரு பேர். 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்று மேலே போடாததுதான் பாக்கி.

"மச்சான் பேருங்க சார்?"

"அவரு என்னங்க, பிஎச்டியா?"

"தறிக்காரருங்க."

"அப்போ நன்றியில போட்டுக்கலாமுங்க."

நன்றிப் பத்தியில் தாளாளர், தாளாளரின் துணைவியார், தாளாளரின் மறைந்த தந்தையார் ஆகியோர் உட்கார்ந்ததும் இடம் தீர்ந்துவிட்டது. நான் வாதாடவில்லை. முதல் பெயர் என்னுடையது. அந்த மகிழ்ச்சியில் எனக்கு மச்சானே மறந்துபோனார்.

ஆய்விதழ்க்காரர்கள் ஒரு படிவம் அனுப்பினார்கள்: ஒவ்வோர் ஆசிரியரும் என்ன செய்தார்? எழுதியது, திட்டமிட்டது, அளந்தது என்று கட்டங்கள். பதினொரு பேருக்கு வேலை கண்டுபிடிப்பது அந்த ஆராய்ச்சியிலேயே கடினமான பகுதி. "பெரிய வேலையைப் பெரியவருக்குக் கொடுங்க," என்றார் துறைத் தலைவர். அப்படியே செய்தேன். நாற்பது நாளும் தறிக்கூடத்தில் நின்று ஒலியை அளந்தவர் எங்கள் முதல்வர் ஆனார்.

கட்டுரை வெளியானது. கல்லூரி வாசலில் பதினொரு முகங்களோடு பேனர் வைத்தார்கள். மாமனார் கிணத்துக்கடவிலிருந்து பஸ் ஏறி வந்து அதன் அடியில் நின்று படம் எடுத்துக்கொண்டார்.

அடுத்த மாதம் கல்லூரியை மதிப்பிட ஒரு குழு வந்தது. அதில் ஓர் ஓய்வுபெற்ற பேராசிரியர் எங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு வந்திருந்தார். இப்படி ஒரு விபத்து நடக்கும் என்று எங்களில் யாருமே எதிர்பார்க்கவில்லை. அவருக்குக் கட்டுரை பிடித்திருந்தது என்பதுதான் இன்னும் மோசம். "சோமனூர் பக்கம்தானே? போய்ப் பார்த்துட்டு வந்திடலாம்," என்றார்.

கல்லூரி வேனில் போனோம். பேராசிரியர், முதல்வர், துறைத் தலைவர், டீன், நான். தறிக்கூடத்துக்குள் நுழைந்ததும் முதல்வர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். நாற்பது நாள் அங்கே நின்று அளந்தவர்.

"மீட்டரை எங்க வெச்சு அளந்தீங்க?" என்று பேராசிரியர் சத்தத்துக்கு மேல் கத்திக் கேட்டார்.

முதல்வர் கூரையைக் காட்டினார். அதே நொடியில் துறைத் தலைவர் வாசலைக் காட்டினார். டீன் தம்முடைய செல்போனைக் காட்டினார், அதிலேயே அளக்கலாமாம்.

மச்சான் தறிகளை நிறுத்திவிட்டு வந்தார். "ஏனுங்க சார், அங்கெல்லாம் இல்லீங்க. தறியில இருந்து ஒரு மீட்டர் தள்ளி, ஓட்டறவங்க காது ஒசரத்துலீங்க. டயரு இல்லாத தறிக்கு மொதல்ல, டயரு போட்டதுக்குப் பொறவு."

பேராசிரியர் அவரை ஒருமுறை பார்த்தார். "நீங்க எத்தனாவது ஆசிரியர்?"

"நான் ஆசிரியரெல்லாம் இல்லீங்க. தறி மட்டும் என்னுதுங்க. டீ சொல்லட்டுங்களா?"

பேராசிரியர் பையிலிருந்து கட்டுரையை எடுத்தார். "ஒரு சந்தேகம். தொடர்ந்து இந்த அஞ்சு நாளும் ஒரே சத்தம். புள்ளிக்கு அப்புறமும் ஒரே எண். அது எப்படி?"

நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மச்சானோ, யாரோ ஒருவர் தம் கணக்கைக் கேட்டுவிட்ட சந்தோஷத்தில் வீட்டுக்குள் ஓடி நோட்டோடு வந்தார். விரலை வைத்துத் தேடினார். "அஞ்சு நாளும் நோம்பிங்க சார். தறி ஓடலை. அன்னிக்குச் சத்தம்னா கோயில்ல மேளந்தானுங்க. அதைய நான் அளக்கலீங்களே."

பேராசிரியர் நோட்டை மூடி, அட்டையில் ஒட்டியிருந்த லேபிளைப் படித்தார். "மு. தர்ஷினி, ஏழாம் வகுப்பு. முதல்ல இந்தக் குழந்தை பேரைத்தான் போட்டிருக்கணும். நோட்டாவது குடுத்திருக்கு."

முதல்வர் காதிலிருந்து கையை எடுத்தார். "இந்தத் தம்பியுதுதானுங்க எல்லாம். நாங்க சும்மா பேருக்குங்க." பல ஆண்டு ஆராய்ச்சி வாழ்வில் அவர் சொன்ன துல்லியமான வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

வேன் என்னை விட்டுவிட்டுக் கிளம்பியது. மச்சான்தான் வண்டியில் பஸ் ஸ்டாப்புக்குக் கொண்டுவிட்டார். பாதி வழியில் கேட்டார்: "நான் எழுதுனது ஏதாச்சும் தப்புங்களா மாப்ள?"

"அது ஒண்ணுதானுங்க மச்சான் சரி."

பஸ் ஸ்டாப் தெரிந்ததும் மறுபடி கேட்டார்: "என்ற பேரு வரலீங்களே?"

பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தேன்.

"உடுங்க. வராததும் நல்லதாப் போச்சு," என்றார்.

ஒரே வாரத்தில் பத்து ஆசிரியர்களும் ஆய்விதழுக்குக் கடிதம் எழுதினார்கள். கட்டுரையைப் பார்த்ததே இல்லை என்றார் ஒருவர். கையெழுத்து தம்முடையது இல்லை என்றார் இன்னொருவர். நாமக்கல்காரர் என்னைச் சந்தித்ததே இல்லை என்று எழுதியிருந்தார். அது மட்டும் உண்மை. கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. முழுப் பொறுப்பும் முதல் ஆசிரியருடையது என்று அறிவிப்பில் போட்டிருந்தார்கள். நான் ஏங்கியது கிடைத்துவிட்டது: அந்தக் கட்டுரைக்கு இப்போது நான் ஒருவன்தான் ஆசிரியன். பேனரைக் கழற்றிச் சைக்கிள் ஸ்டாண்டுக்குக் கூரையாகக் கட்டினார்கள்.

ஜூன் மாதம் கல்லூரிக்குப் போகவில்லை. ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தேன். அடுத்தவர் எழுதியதைத் திருத்துகிற, பெயர் போடாத வேலை. எனக்கு ஏற்றது. என் மாமனார் இரண்டு ஆண்டு என்னோடு நேராகப் பேசவில்லை. எதுவானாலும் என் மனைவியிடம், "அம்மணி, உங்க ஊட்டுக்காரர்கிட்டச் சொல்லு," என்பார். பிறகு பேசினார், கேலி செய்வதற்காக. எங்கள் குடும்பத்தில் யாராவது செய்யாத வேலைக்குப் பெயர் வாங்கப் பார்த்தால், "ஏனுங்க, நோம்பி அன்னிக்கு அளந்தீங்களா?" என்று கேட்பார்கள். கேள்வி அவர்களுக்கு, சிரிப்பு என்னைப் பார்த்து. அதைத் தொடங்கி வைத்தவர் மாமனார்.

போன ஆவணியில் தர்ஷினிக்குக் கல்யாணம். மச்சான் அழைப்புப் பத்திரிகையின் புரூஃபோடு என் அலுவலகத்துக்கே வந்தார்.

"எழுத்துப்பிழை மட்டும் பாருங்க மாப்ள. பேரு வரிசையில கை வெச்சுப்போடாதீங்க."

பார்த்தேன். நீளமான பட்டியல். தாய்மாமன் என்ற இடத்தில் என் பெயர் முதலில் இருந்தது. "மொதல்ல போட்டுட்டீங்களே மச்சான்," என்றேன்.

"சும்மா இல்லீங்க," என்றார். "விடிய நாலு மணிக்கே வந்து சீர்த்தட்டெல்லாம் நீங்கதான் எறக்கோணும். அதுக்குத்தான் பேரு."