பக்கெட் மாமாவின் நண்டுகள்

கடலைப் பெயின்ட் பக்கெட்டில் அடைத்து வைத்திருந்த ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, எங்கள் பக்கெட் மாமாதான். சிதம்பரத்தில் பக்கத்து வீட்டுக்காரர். மின்விசிறிக்குச் செப்புக்கம்பிக் காயில் கட்டுவது தொழில். ஞாயிறுதோறும் சைக்கிளில் கிள்ளைக்குப் போய், உப்பங்கழிச் சேற்றில் ஒரு கை மட்டும் பெருத்த சின்ன நண்டுகளைப் பிடித்துவருவார். சேற்றோடு பக்கெட்டில் போட்டு, குடைத்துணியால் மூடி, காதை வைத்துக் கேட்பார்.

"கிள்ளையில தண்ணி எறங்கிடுச்சி" என்பார், யாரும் கேட்காமலே.

நண்டுகளைத் தின்னவும் இல்லை, விற்கவும் இல்லை என்றதும் தெருவுக்குச் சந்தேகம் முற்றியது. கோடிவீட்டு அம்மாள் மாந்திரீகம் என்றார். நான் படித்தவன், உளவு என்று நினைத்தேன். செல்போனில் கடல் ஏறி இறங்கும் நேரம் பார்த்தேன். அவர் சொன்னது சரியாக இருந்தது. யோக்கியனாக இருந்தால் ஒரு தடவையாவது தப்பாகச் சொல்லியிருக்க வேண்டாமா?

மாமா கடலூரில் தன் தங்கை வீட்டுக் காதுகுத்துக்குப் போனபோது பக்கெட்டை என்னிடம் ஒப்படைத்தார். சன்னல் இல்லாத சாமான் அறையில் விளக்கை அணைத்துப் பூட்டினேன். வெயில் இல்லை, அலை இல்லை. இனி என்ன செய்யும் பார்ப்போம். கதவில் காதை வைத்தேன். கிள்ளையில் நீர் இறங்கும் நேரத்துக்கு உள்ளே கரகரவென்று ஓட்டம். ஏறும் நேரத்துக்குச் சத்தமே இல்லை. மறுநாளும் அப்படியே, தினமும் நேரம் தள்ளிப்போகும் கடலைப் போலவே கொஞ்சம் தாமதமாக. என் மனைவி என்னையும் சந்தேகப்பட ஆரம்பித்தாள்.

திரும்பி வந்தவரை விசாரித்தேன்.

"உள்ளயே ஒரு கடியாரம் ஓடுது மாப்ள. கடலும் வெயிலும் அதுக்கு சாவி குடுக்குது, அவ்ளோதான். ஜாஸ்தி நாள் வீட்ல வச்சா நேரம் நழுவிடும். அதான் வாரா வாரம் பழச விட்டுட்டு புதுசு புடிச்சாறேன்."

பதில் இவ்வளவு சுத்தமாக இருந்ததால் நான் நம்பவில்லை.

போன வருஷம் ஒரு சனிக்கிழமை, கல்லூரியில் படிக்கும் என் மகள் தோழிகளோடு கிள்ளைக்குப் போனாள். உப்பங்கழி நடுவில் ஒரு மணல்திட்டில் நின்று படம் அனுப்பினாள். பெருமையாக மாமாவிடம் காட்டினேன். அவர் படத்தைப் பார்த்தார், பக்கெட்டில் காதை வைத்தார், எழுந்துவிட்டார்.

"சத்தம் நின்னுடுச்சி. பாப்பா நம்பர குடு."

ஆக, இதற்குத்தானா இத்தனை வருஷ நண்டு? "எதுக்கு மாமா?" என்று போனைச் சட்டைப்பையில் போட்டுக் கையால் மூடிக்கொண்டேன். அவர் என் கையை விலக்கி, போனை எடுத்து என்னிடமே நீட்டினார்.

"என்கிட்ட குடுக்காத. நீயே போடு. ஆனா இப்பவே போடு."

போட்டேன். "கணுக்கால் தண்ணிதான்பா" என்று மகள் சிரித்தாள். எனக்கு நிம்மதி. மாமா போனைப் பிடுங்கினார்.

"பாப்பா, செருப்பு கெடக்கட்டும். எல்லாரும் கையப் புடிச்சிக்கினு கரைக்கு நட. பேசாத, நட."

கரையேறும்போது இடுப்பளவு தண்ணீராம். திரும்பிப் பார்த்தபோது திட்டு இல்லையாம். மாலையில் வெறுங்காலோடு வாசலில் வந்து நின்றாள். நம்பரைக் கொடுக்காமல் நான் சட்டைப்பையைப் பொத்திக்கொண்டிருந்த அந்த நிமிஷத்தை அவளிடம் இதுவரை சொல்லவில்லை.

கண் மங்கியதால் மாமா இப்போது கடலூரில் தங்கையோடு இருக்கிறார். அங்கே நிஜக் கடலே இருப்பதால் பக்கெட்டை என்னிடம் விட்டுப்போனார். ஞாயிறுதோறும் நான்தான் கிள்ளைக்குப் போகிறேன். தெரு என்னைத்தான் இப்போது ஒரு மாதிரி பார்க்கிறது.

நண்டுகள் ஓய்ந்ததும் மகளுக்குப் போன் செய்கிறேன். "மாடியிலதான்பா இருக்கேன்" என்று அலுத்துக்கொள்கிறாள். அடுத்து மாமாவுக்கு. சத்தம் நின்றுவிட்டது என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் கேட்பது ஒன்றுதான்:

"பாப்பா கரையிலதானே இருக்கு?"