நடுவில் உட்கார்ந்த ஒயர்

சித்தூருக்கும் திருப்பதிக்கும் நடுவில் ஒயரைப் போலப் பிடிவாதக்காரன் பிறந்ததில்லை. இனிப் பிறந்தால் அந்தத் தாய்க்கு என் அனுதாபம்.

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். காணிப்பாக்கம் கோயில் வாசலில் கூடை வைத்து மாம்பழம் விற்று, சித்தூரில் மாங்கூழ் பேக்டரியே கட்டியவன். திருப்பதி ஆபீசில் ஆர்டர் பிடிக்கும் என் மகளுக்கு வாடிக்கையாளர் சாப்ட்வேர் ஒன்று. சித்தூர் ஸ்டோர் கீப்பருக்குச் சரக்கு சாப்ட்வேர் இன்னொன்று. இரண்டையும் இணைக்கத் திட்டம் போட வந்தவன்தான் இவன்.

"புரோகிராம் எழுதறதுக்கு முன்னாடி, ஒரு நாள் நானே நடுவுல ஒயரா உக்காந்து பாக்குறேன் சார். ரெண்டு ஆபீசும் என் மூலமாத்தான் பேசணும். பேரு கூடாது. கஸ்டமர் நம்பர் மட்டும்தான்."

அன்றோடு அவன் பெயர் ஒயர். ஸ்டோர் வாசலில் நாற்காலி. இரண்டு காதிலும் போன். காக்கை ஒன்று அவன் தோளில் எச்சமிட்டது. "தொடச்சிக்கப்பா" என்றேன்.

"அது ஆர்டர்ல இல்ல சார்."

மத்தியானம் சூளூர்பேட்டைக்காரர் லாரியோடு வந்து இறங்கினார். என் வியாபாரத்தில் பாதி அவர்தான். மகளின் கணக்கில் நம்பர் பன்னிரண்டு. அவளிடம் சொல்லிவைத்த மாங்கூழ் டிரம்களை ஏற்ற வந்திருந்தார்.

ஒயர் இரண்டு பக்கமும் பேசினான். "நம்பர் பன்னெண்டுக்குச் சரக்கு லேது சார். கடைசி டிரம்மெல்லாம் நம்பர் நாப்பதுக்கு எடுத்து வெச்சாச்சு."

"இன்னா பெரியவரே, வெளையாடிக்கினு கீறீங்களா?" சூளூர்பேட்டைக்காரர் என்மேல் பாய்ந்தார். "இப்பவே புத்தூர் பேக்டரிக்குப் போறேன். இனிமே உங்க வாசப்படிய மிதிச்சா என்ன செருப்பால அடிங்க!"

டிரைவர் லாரியை ஸ்டார்ட் செய்தான். போனில் மகள் அலறினாள்: "நைனா, அவரு போய்ட்டா அவ்ளோதான்!"

"டேய், மொதலாளி சொல்றேன், நாப்பது யாரு? பேரச் சொல்லு!"

"இன்னிக்கி ஆளப் பாத்து நீங்க சரிபண்ணிடுவீங்க சார். நாளைக்கு புரோகிராம் இதே லாரியத் திருப்பி அனுப்பும்."

"எந்த வூட்டுத் திருடன்யா அந்த நாப்பது?" சூளூர்பேட்டைக்காரர் கத்தினார். "அவனுக்குப் போனப் போடு. நாக்கப் புடுங்கிடறேன்!"

ஒயரின் முகம் பளிச்சென்றது. "போன் நம்பரா? அத ஒயர் கடத்தும் சார்." ஸ்டோர் கீப்பருக்குச் சைகை காட்டினான். அவர் போட்டார்.

சூளூர்பேட்டைக்காரரின் சட்டைப்பையில் மணி அடித்தது.

"அலோ, எவன்டா அது?"

எதிரிலேயே நின்ற ஸ்டோர் கீப்பர் பணிவாகக் கேட்டார்: "நம்பர் நாப்பதுங்களா?"

நடந்தது இதுதான். சூளூர்பேட்டைக்காரருடைய குமாஸ்தா, அதே ஆர்டரை ஸ்டோருக்கும் தனியாகச் சொல்லி, தன் முதலாளியின் போன் நம்பரைக் கொடுத்திருக்கிறார். பேரைத் தெலுங்கு வழக்கப்படி குடும்பத்து வீட்டுப்பேரையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். என் மகளிடம் இருந்ததோ வெறும் சொந்தப் பேர். மனிதர் ஒருவர், கம்ப்யூட்டரில் இருவர். சண்டை தனக்கும் தனக்கும்தான்!

லாரி நிறைந்து புறப்பட்டது. "ரெண்டு கணக்கையும் பேர வெச்சி சேக்கக்கூடாது சார். போன் நம்பர வெச்சித்தான் சேக்கணும்" என்றபடி ஒயர் டீயை எடுத்தான். கிளாஸ் கிடுகிடுவென்று ஆடியது.

"இன்னாடா, பயந்துட்டியா?"

"லாரி ஸ்டார்ட் ஆனதுலேர்ந்தே சார். அவரு போயிருந்தா, நீங்க கட்டுன பேக்டரிக்கு நான் இன்னா பதில் சொல்வேன்?"

கலெக்டர் வந்தாலும் நாற்காலியை விட்டு எழாதவன் நான். எழுந்துபோய், அவன் கை ஆட்டம் நிற்கும்வரை அந்தக் கிளாஸை நானே பிடித்துக்கொண்டேன்.