பொடிநடை வக்கீலும் என் முந்திரித் தோப்பும்

அத்துமீறி நுழைந்த வழக்குகளை நடத்துவதில் ஜெயங்கொண்டம் வட்டாரத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அத்துமீறி நுழைவதிலும் கிடையாது. எங்கும் நடந்தே போவதால் ஊர் வைத்த பெயர் பொடிநடை வக்கீல்.

பக்கத்துத் தோப்பு செல்வராசு திடீரென்று முள்கம்பி வேலியை என் நிலத்துக்குள் நகர்த்திவிட்டார். என் போர்வெல் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது. அப்போதுதான் நாற்பது ஒட்டு முந்திரிக் கன்று வைத்திருந்தேன். தண்ணீர் இல்லாவிட்டால் பத்து நாளில் அத்தனையும் சருகாகிவிடும். அனுபவமுள்ள வக்கீல் யார் என்று கேட்டால், கோர்ட் வாசல் டீக்கடையிலிருந்து டைப்பிங் சென்டர் வரை ஒரே பதில்தான். ஆபீசில் அவர் இல்லை. விலாசத்தை எழுதி வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை அடுப்படியில் என் மனைவி அலறினாள்.

"ஏங்க, யாரோ உள்ள பூந்து கொழம்புச் சட்டியத் தொறந்து பாக்குறாருங்க!"

"கதவு தொறந்திருந்துச்சும்மா. நான்தான் வக்கீல். கருவாடா?"

சாப்பிட்டு முடித்தவரிடம் பத்திரத்தை நீட்டினேன். தொடவே இல்லை.

"நாலு எல்லையும் நடந்து பாக்காம எந்தக் கேசுலயும் நான் கையெழுத்து போட்டதில்ல தம்பி."

நடந்தார். கம்பியை விலக்கி, வேட்டியைக் கிழித்துக்கொண்டு நேராக செல்வராசு தோப்புக்குள் போனார்.

"யாருய்யா அது?" என்று செல்வராசு பாய்ந்து வந்தார்.

"ஒன் மேல கேசு போடப்போற வக்கீலு. கொஞ்சம் தண்ணி குடுப்பா."

அந்த மனுஷனும் சொம்பில் கொண்டுவந்து கொடுத்தார்! அடுத்த மூன்று நாளும் இதே கூத்து. கம்பி விலகிய அதே சந்தில் நுழைவார், செல்வராசு வீட்டுக் கூழைக் குடிப்பார், புதரைக் கிளறுவார். "ஸ்டே வாங்குங்க சார், கன்னு வாடுது" என்று நான் கத்துவேன். "நடந்துட்டிருக்கேன்ல?" என்பார்.

ஐந்தாம் நாள் காரைமுள் புதருக்குள் எல்லைக்கல் கிடைத்தது. இருவரையும் கூப்பிட்டு, முதலில் செல்வராசுவிடம் சொன்னார்.

"போர்வெல் இவன் எடம். அதுல சந்தேகமே இல்ல." என் முகம் மலர்வதற்குள் என் பக்கம் திரும்பினார். "ஆனா வடக்கால ஒரு வரிசை முந்திரிய ஒங்கப்பா தெரியாம இவன் எடத்துல வச்சிட்டாரு தம்பி."

செல்வராசுவுக்கே அதுவரை தெரியாத சங்கதி!

"சார், நீங்க என் வக்கீலா, அவரு வக்கீலா?"

"ஒன் வக்கீல்தான்யா. அவன் வக்கீல் கோர்ட்டுல சொல்றதுக்கு முன்னால நான் சொல்லிப்புட்டேன்."

"அப்ப நானும் கேசு போடலாங்களா?" என்றார் செல்வராசு.

"தாராளமா. ரெண்டு பேரும் போடுங்க. தீர்ப்பு வர்றப்ப இந்தக் கன்னெல்லாம் வெறகாயிருக்கும்."

செல்வராசு வாடிய கன்றுகளையே பார்த்தார். அவரும் முந்திரிக்காரர்தானே. அன்று சாயங்காலமே வேலி பழைய இடத்துக்குப் போனது, கன்றுகள் தண்ணீர் குடித்தன. காய்த்துக் குலுங்கிய அந்த வடக்கு வரிசையும் என்னை விட்டுப் போனது. ஆறு மாதம் வக்கீலைத் திட்டிக்கொண்டே இருந்தேன். அவரோ வழக்கம்போல் அந்த வேலியிலும் ஒரு சந்து வைத்து நுழைந்து, இரண்டு தோப்பிலும் பழம் பறித்துத் தின்றுகொண்டிருந்தார்.

போன வருஷம் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இந்த மாசிக்குப் புதுக்கம்பி கட்ட ஆள் வந்தான். "இந்தச் சந்த அடைச்சிடவா சார்?" என்று கேட்டான்.

"வேணாம்" என்றேன். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து செல்வராசுவும் அதையேதான் சொன்னார்.