மருந்து டப்பாவில் கிடைத்த இங்கிலீஷ்

போடிநாயக்கனூர்,
ஆனி 24.

அன்புள்ள மாப்பிள்ளை முத்துப்பாண்டிக்கு,

உன் மச்சான் விஜயபாண்டி எழுதுவது. இங்கே நானும் உன் அக்கா கற்பகமும் உன் மருமகள் சிவரஞ்சனியும் சுகம். திருப்பூரில் நீங்களும் அப்படியே இருக்க நம்ம ஊர் சுப்பிரமணியர் பார்த்துக்கொள்வார். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் பேசினால் உன் அக்கா காதில் விழும், விழக்கூடாது. படித்ததும் கிழித்துவிடு. முதலில் நல்ல செய்தி: சிவரஞ்சனி கல்யாணம் நிற்கவில்லை. நிற்க இருந்ததே உனக்குத் தெரியாது என்பதால் ஆதியிலிருந்து சொல்கிறேன்.

பெண் பார்க்க வந்த அன்று, மாப்பிள்ளைப் பையனின் அப்பா மலைச்சாமி, தேவாரத்துக்காரர், முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் நடத்தி ஓய்வு பெற்றவர், கேசரியைத் தின்றுகொண்டே "நீங்க எதுவரைக்கும் படிச்சீக?" என்று கேட்டார். நான் எட்டாவதோடு ஏலத்தோட்டத்துக்குப் போனவன் என்பது உனக்குத் தெரியும். ஆனால் என் வாய் இருக்கிறதே, அது "பிளஸ் டூ, இங்கிலீஷ்ல பள்ளிக்கூடத்துக்கே முதல் மார்க்கு" என்று சொல்லிவிட்டது. மனிதருக்கு முகமெல்லாம் பல். "அப்ப எனக்குப் பேச்சுத் துணை கெடச்சாச்சு" என்றார். மறுநாளிலிருந்து பிடித்தது சனி. தினம் காலையில் வாட்ஸ்அப்பில் மூன்று இங்கிலீஷ் எழுத்து அனுப்புவார். அந்த மூன்றும் வருகிற மாதிரி ஒரு இங்கிலீஷ் வார்த்தையைப் பொழுது சாய்வதற்குள் நான் அனுப்ப வேண்டும். போனில் தேடக் கூடாது, அது சத்தியத்துக்கு விரோதமாம். தேடத் தெரிந்தால் நான் ஏன் எட்டாவதோடு நிற்கிறேன். சிவரஞ்சனியிடம் போய் நின்றேன். "பொய் சொன்னது நீங்க, எழுத்துத் தேடுறதும் நீங்கதாம்ப்பா" என்று சொல்லிவிட்டாள். என்னால் பிள்ளை கல்யாணம் கெட்டுவிடுமோ என்று பயந்து இரண்டு நாள் சோறு இறங்கவில்லை, காய்ச்சல் என்று சொல்லிச் சம்பந்தியைச் சமாளித்தேன்.

மூன்றாம் நாள் ஜீப்பில் போடிமெட்டு ஏறித் தோட்டத்துக்குப் போனபோதுதான் வழி தெரிந்தது. நம் தோட்டத்தில் இங்கிலீஷ் இருக்கிற ஒரே இடம் மருந்து வைக்கிற அறை. பூச்சி மருந்து டப்பா, மூட்டை எல்லாவற்றிலும் பொடி எழுத்தில் அடித்து வைத்திருக்கிறான். ஏலக்காய் தரம் பிரிக்கிற மகாராணியைக் கூட்டிப்போய், மூன்று எழுத்தையும் சுண்ணாம்பால் சுவரில் வரைந்து காட்டினேன். அவளுக்கு ஒரு எழுத்தும் படிக்கத் தெரியாது. ஆனால் ஆயிரம் பச்சைக்காய்க்கு நடுவே ஒரு சொத்தையைக் கண்டுபிடிக்கிற கண் அல்லவா. ஐந்து நிமிடத்தில் ஒரு டப்பாவைத் தூக்கி, "இந்த மூணும் இங்கன ஒண்ணாக் கெடக்கு மொதலாளி" என்றாள். நான் அதைப் பார்த்து அப்படியே தட்டி அனுப்பினேன். ஐ, ஓ, என் வந்ததா, பாய்சன். ஏ, ஜி, ஆர், டேஞ்சர். எம், ஓ, வி, வாமிட். ஆர், ஐ, பி, திரிப்ஸ். விஷம், அபாயம், வாந்தி என்று சம்பந்திக்கு அனுப்பலாமா என்று நீ கேட்பாய். அவர் எழுத்துதானே கேட்டார், அர்த்தமா கேட்டார்? பத்து நாள் பத்து வார்த்தை, ஒன்றும் தப்பில்லை. தோட்டத்தில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன்.

பதினோராம் நாள் எழுத்து வரவில்லை. மத்தியானம் தோட்டத்துக்கு ஒரு ஜீப் வந்தது, சம்பந்தியும் அவர் வீட்டம்மா குருவம்மாளும் இறங்கினார்கள். இருவர் முகத்திலும் ரத்தமில்லை. சம்பந்தி உட்காரக்கூட இல்லை. "பொண்ணு குடுக்க இஷ்டமில்லேன்னா நேருக்கு நேராச் சொல்லியிருக்கலாமே. பத்து நாளா வெசம், ஆபத்து, வாந்தின்னு அனுப்புறீகளே. இவ தூங்கலங்க" என்றார். நான் சொன்ன ஒரே ஒரு பொய்யால் மாப்ளே, நல்ல இடத்தில் அமைந்த பிள்ளை வாழ்க்கை என் கண் முன்னாலேயே மலையிறங்கிப் போகிறது. இரண்டு பேரையும் மருந்து அறைக்குக் கூட்டிப்போனேன். சுவரில் சுண்ணாம்பு எழுத்து அப்படியே இருந்தது. "நான் எட்டாவதுதாங்க. எல்லாம் இந்த டப்பாலருந்து எடுத்தது" என்று சொல்லிவிட்டேன்.

சம்பந்தி சுவரைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார், கடைசியில் மகாராணியைப் பார்த்தார். "திரிப்ஸ்னு ஒண்ணு அனுப்புனீகளே, அது எனக்கே தெரியாது. அகராதியப் பெரட்டித்தான் பாத்தேன்" என்றார். மகாராணி அவரை வெளியே கூட்டிப்போய், ஏலச் செடியின் சரத்தை விரித்து, தூசி போல் ஊர்ந்த பூச்சியைக் காட்டினாள். "இதுதான் சார். இது உக்காந்தா காயில சொறி விழுந்துரும்." முப்பது வருட வாத்தியார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக் குனிந்து பார்த்தார். குருவம்மாள் சிரிக்க ஆரம்பித்தார், அப்புறம் எல்லாரும். எனக்கு மட்டும் அழுகை வந்தது. நெஞ்சில் கிடந்த ஏல மூட்டையை யாரோ இறக்கி வைத்தது மாதிரி இருந்தது. அன்றைக்குத்தான் மாப்ளே, நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

ஆவணி முகூர்த்தம் குறித்தது குறித்தபடி. தாய்மாமன் சீரோடு நீ நாலு நாள் முன்னாடியே வந்துவிட வேண்டும். நான் எட்டாவது என்பது சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்துபோனதை உன் அக்காவிடம் மூச்சு விடாதே. அவள் மானம் போய்விட்டது என்று உட்கார்ந்துவிடுவாள். தங்கச்சிக்கு என் விசாரிப்பு, பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம்.

இப்படிக்கு, நிம்மதியாக,
விஜயபாண்டி.

பின் குறிப்பு: உறைக்குள் போடுமுன் உன் அக்கா இதைப் படித்துவிட்டாள். பெண் பார்க்க வந்த அன்றே அடுப்படியில் வைத்துக் குருவம்மாளிடம், "அவுக எட்டாவதுதான், வெளிய பெருசாச் சொல்லுவாக, கண்டுக்காதீக" என்று சொல்லியாயிற்றாம். சம்பந்திக்கு முதல் நாளே தெரியுமாம். என் மனம் நோகக் கூடாதென்று, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற எழுத்தாகப் பார்த்துத்தான் அனுப்பினாராம். லயன் வரும், கார்டன் வரும், மூவி வரும் என்று காத்திருந்திருக்கிறார் மனிதர். ஆகவே மேலே "யாருக்கும் தெரியாது" என்கிற மாதிரி நான் எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படி. கிழிக்கவும் வேண்டாம். இன்று காலை என் போனுக்கு மறுபடி மூன்று எழுத்து வந்திருக்கிறது, எனக்கில்லை, மகாராணிக்கு.