கல்வெட்டு யாருக்கு?

உங்கள் வீட்டு வாசலில் போகிற ரோடு யாருடையது என்று உங்களுக்குத் தெரியாது. தெரியும் என்று மண்டையை ஆட்டாதீர்கள். பஞ்சாயத்தா, மண்டலமா, ஜில்லாவா, மாநிலமா என்று கேட்டால் "கவர்மெண்டு ரோடு" என்பீர்கள். அதோடு உங்கள் அறிவு முடிந்தது. என் அறிவும் அவ்வளவுதான். இந்த நாட்டில் எந்தக் குழாய் யாருடையது, எந்தக் கம்பம் யாருடையது, எந்தக் குப்பையை யார் அள்ள வேண்டும் என்று முழுக்கத் தெரிந்த ஒரே மனிதர் விஜயபுரம் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் என்னவோ, யாருக்கும் தெரியாது. எங்களுக்கு அவர் 'யாருக்கு சார்'.

அவர் தொழில் மனு எழுதிக் கொடுப்பது. எங்கள் பக்கம் அதை அர்ஜி என்போம். அர்ஜிக்காகப் போனால் மற்றவர்கள் பெயர் கேட்பார்கள், ஊர் கேட்பார்கள். இவர் பேனா மூடியைக் கழற்றாமல் ஒரே வார்த்தை கேட்பார்: "யாருக்கு?" அர்ஜியின் மேலே 'பெறுநர்' என்று ஒரு இடம் இருக்கிறதே, அங்கே யார் பெயர் வரவேண்டும் என்று நாம் சொல்ல வேண்டும். தெரியாவிட்டால் பரீட்சை. பத்துக் கேள்வி. மார்க்கைப் பென்சிலால் அர்ஜியின் மூலையிலேயே போட்டுவிடுவார்.

நான் திருப்பதியில் ஒரு லாட்ஜில் அறைகளைச் சுத்தம் செய்கிற பெண்களுக்கு சூப்பர்வைசர். என்னை யாரும் கேள்வி கேட்டு எனக்குப் பழக்கமில்லை. வருமானச் சான்றிதழுக்காக முதல் தடவை அவரிடம் போனேன்.

"யாருக்கு?"

"எனக்குத்தான் சார்."

"உனக்கு நீயே அர்ஜி எழுதிக்க நான் எதுக்கும்மா? கண்ணாடி முன்னாடி நின்னு கேட்டுக்க. குடுக்கறதா இருந்தா நீயே குடுத்துக்க."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கவர்மெண்டுக்கு சார்!"

"கவர்மெண்டு எங்க கீது? டோர் நம்பர் சொல்லு."

அப்புறம் பரீட்சை. கலெக்டரை நாம் ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுக்கிறோமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: "எந்த சின்னத்துல நின்னாரும்மா?"

பத்துக்கு ஒன்று. அந்த ஒன்று என் ஊர்ப் பெயரைச் சரியாகச் சொன்னதற்கு. பக்கத்து மண்டல ஆபீசுக்குள் போனால் அங்கிருந்த கிளார்க் முதலில் பார்த்தது அந்த மூலையைத்தான். "பரவால்லம்மா, நேத்து வந்த வாத்தியாருக்கு சைபரு" என்று ஆறுதல் சொன்னார். அந்த மனிதரின் நாற்காலியை உதைக்க வேண்டும் என்று நான் முடிவு செய்தது அன்றைக்குத்தான்.

அவருக்கு இந்த வியாதி எப்படி வந்தது என்று பிறகு தெரிந்தது. வாலிபத்தில் குரூப் டூ பரீட்சை எழுத ஆரம்பித்தவர், வயசு வரம்பு தாண்டி அவர்கள் துரத்துகிற வரைக்கும் எழுதியிருக்கிறார். அத்தனை வருஷம் அவரிடம் கேட்கப்பட்ட கேள்விகளையெல்லாம் சேர்த்து வைத்து எங்களிடம் கேட்டுப் பழி தீர்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, கையில் இரண்டு போனோடு ஒருவர் வந்து வரிசையைத் தள்ளிக்கொண்டு முன்னால் நின்றார். தெருவிளக்கு எரியவில்லையாம்.

"யாருக்கு?"

"நேரா டெல்லிக்கு எழுதுப்பா. இங்க ஒருத்தனும் சரியில்ல."

"டெல்லிலருந்து ஏணி எடுத்துக்கினு வருவாங்களா? தெருவிளக்கு யாரு பொறுப்பு?"

"யாரு?"

"பஞ்சாயத்து. உங்க ஊரு சர்பஞ்ச் யாரு?"

வெள்ளைச் சட்டை யோசித்தது. ஒரு போனைப் பார்த்தது. இன்னொரு போனைப் பார்த்தது. பிறகு குரல் இறங்கி, "என் பொண்டாட்டி" என்றது.

"அப்ப வூட்டுக்குப் போயி, சோறு துன்னும்போது கேளு. அர்ஜி வேணாம்."

இன்னொரு நாள் திருப்பதியிலிருந்து நான் ஊருக்கு வருகிற பஸ்ஸில் ஏறினார். ஜில்லாவை இரண்டாகப் பிரித்த பிறகு புத்தூர் திருப்பதி ஜில்லாவுக்குப் போய்விட்டது, நகரி சித்தூரிலேயே நின்றுவிட்டது. பஸ் புத்தூர் தாண்டியதும் இவர் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இப்ப நீங்க எந்த ஜில்லாவுல உக்காந்துகினு கீறீங்க?" என்று எல்லோரையும் கேட்டார். பாதிப் பேர் திருப்பதி, பாதிப் பேர் சித்தூர். தூங்கிக்கொண்டிருந்த ஒருவரைத் தட்டி எழுப்பிக் கேட்டார். அவர் பதறி, "ஏமண்டி, ஸ்டாப்பிங் போயிடுச்சா?" என்றார். "ஸ்டாப்பிங் போகல நைனா, ஜில்லா போயிடுச்சு."

இப்படி ஊரையே ஃபெயில் ஆக்கிக்கொண்டிருந்த மனிதரை ஒரு மோரி, அதாவது ஓடைத் தண்ணீர் போகிற ஒரு சின்னப் பாலம், ஃபெயில் ஆக்கியது. அதற்குத்தான் வருகிறேன்.

எங்கள் ஊர் எல்லைக்கோட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. நகரியிலிருந்து வருகிற பஸ் கடைசியில் கொஞ்ச தூரம் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, ஒரு சின்னப் பாலத்தின் மேல் ஏறி, மறுபடி ஆந்திராவுக்குள் வந்தால் எங்கள் ஊர். எல்லைக் கல் அந்தப் பாலத்தை ஒட்டி நிற்கிறது. பாதிப் பாலம் அங்கே, பாதி இங்கே. ஒரு மழையில் அது சரியாக நடுவில் உடைந்தது. இந்தப் பக்கத்து இன்ஜினியர் வந்து டேப் பிடித்து, ஓட்டை தமிழ்நாட்டில் இருக்கிறது என்றார். அந்தப் பக்கத்து இன்ஜினியர் வந்து டேப் பிடித்து, ஓட்டை ஆந்திராவில் இருக்கிறது என்றார். இரண்டு பேரும் நல்ல டேப்தான் வைத்திருந்தார்கள்.

பஸ் நின்றது. என் அக்கா மகள் ஜெயா நகரி போய் காலேஜில் படிக்கிறாள். மெயின் ரோடு வரைக்கும் கரும்புத் தோட்டத்துக்கு நடுவே நடக்க வேண்டும். அவள் அப்பா, அதாவது என் மாமா, ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: "சங்கராந்திக்குள்ள பஸ்ஸு வந்தா காலேஜு. வர்லன்னா கல்யாணம். மாப்ள பலமனேர்ல தக்காளி மண்டி வச்சிகினு கீறாரு."

"அவ படிப்ப ஒரு மோரி முடிவு பண்ணுமா மாமா?" என்று கத்தினேன்.

"நீ பெட்ஷீட் மடிக்கிற வேலைய பாரு."

ஜெயா புத்தகப் பையைத் தூக்கி ஆணியில் மாட்டினாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு யாருக்கு சாரிடம் போனேன்.

"யாருக்கு?" என்றார்.

"அத்த நீங்கதான் சொல்லணும்."

விஷயத்தைக் கேட்டார். இடத்துக்கு என் ஸ்கூட்டியிலேயே வந்து பார்த்தார். இந்தப் பக்கம் நின்று பார்த்தார், அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தார். இரண்டு மாநிலத்து ஆபீஸ்களுக்கும் பஸ் பிடித்துப் போய் வந்தார். பத்து நாள் கழித்து அவர் கடைக்குப் போனால், காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துத் தன் உள்ளங்கையில் ஒரு சைபர் போட்டு என்னிடம் காட்டினார்.

"எனக்குத் தெரியலம்மா."

அந்த மனிதர் அப்படிச் சொன்னதை அதுவரை யாரும் கேட்டதில்லை. ஜெராக்ஸ் கடைக்காரர் மெஷினை நிறுத்திவிட்டார்.

கடைசியில் இரண்டு அர்ஜி. இந்தப் பக்கத்துக்குத் தெலுங்கில் அவர் எழுதினார். அந்தப் பக்கத்துக்குத் தமிழில் எழுத வேண்டும். அவர் தமிழ் பேசுவாரே தவிர, படித்தது தெலுங்கு மீடியம். "நீ எழுதும்மா" என்றார். பெறுநர் இடத்தில் "கலெக்டர்" என்று போடச் சொல்லும்போது அவர் முகம் வாடிப்போனது. "கலெக்டருக்குன்னு போடறது தோத்தவன் போடற அட்ரஸு."

நான் எழுதினேன். கல்வெர்ட் என்கிற இங்கிலீஷ் வார்த்தை எங்கள் ஊர் வாயில் கல்வெட்டு ஆகி வெகுநாள் ஆகிறது. மேஸ்திரியும் கல்வெட்டு என்பார், பஸ் டிரைவரும் கல்வெட்டு என்பார். நானும் அப்படியே எழுதினேன்: "எல்லைக் கல்லுக்கு அருகில் உள்ள எங்கள் ஊர்க் கல்வெட்டு இரண்டாக உடைந்து கிடக்கிறது. யாரும் கவனிக்கவில்லை. உடனே வந்து காப்பாற்றவும்."

தெலுங்கு அர்ஜிக்குப் பதில் வந்தது. பரிசீலனையில் இருக்கிறதாம். யாருக்கு சார் அதன் மூலையில் இரண்டு மார்க் போட்டார். "கையெழுத்து அழகா கீது."

தமிழ் அர்ஜிக்குப் பதில் வரவில்லை. ஜீப் வந்தது. சங்கராந்திக்கு நாலு நாள் இருக்கும், நான் லீவில் ஊரில் இருந்தேன், பாலத்தை மறுபடி பார்க்க யாருக்கு சாரும் வந்திருந்தார். ஜீப்பிலிருந்து தலை நரைத்த ஒருவரும் ஒரு இளம் பெண்ணும் இறங்கினார்கள். கையில் பிரஷ், ஒரு வாளி, சுருட்டின வெள்ளைக் காகிதம், மை. மோரி கட்ட வந்தவர்கள் மையோடு வருவானேன் என்று எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

"கல்வெட்டு எங்கே இருக்கு?" என்றார் பெரியவர்.

ஊரே கூட்டிக்கொண்டு போய்க் காட்டியது. அவர் பாலத்தைப் பார்த்தார். பாலத்தின் பின்னால் பார்த்தார். எங்களைப் பார்த்தார்.

"இது எந்தக் காலத்துது?"

"காண்ட்ராக்டர் காலம் சார்" என்றார் யாருக்கு சார்.

"எந்த மன்னர்?"

"மேஸ்திரிதான் மன்னரு. சிமெண்ட்டுக்குப் பதிலா மண்ணப் போட்டுட்டுப் போயிட்டாரு."

அவர்கள் பழைய கல்வெட்டு படிக்கிற ஆபீஸ்காரர்கள் என்று புரிய எங்களுக்குக் கால் மணி நேரம் ஆனது. நான் எழுதின வார்த்தையைப் படித்துவிட்டு யாரோ அர்ஜியை அவர்களுக்குத் தள்ளிவிட்டிருக்கிறார்கள். பெரியவர் தலையில் கை வைத்துக்கொண்டு எல்லைக் கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். யாருக்கு சார் மட்டும் ஆனந்தமாக இருந்தார். "அர்ஜி போட்ட உடனே ஜீப் எடுத்துக்கினு வந்தது, செத்துப்போன ராஜாங்கள பாத்துக்கிற ஆபீசு ஒண்ணுதாம்மா! ஆறு மார்க்கு!"

அந்தப் பெண்ணுக்குச் சும்மா போக மனசில்லை. வந்ததற்குப் பாலத்தின் பக்கச் சுவரில் இருந்த பாசியைப் பிரஷ்ஷால் தேய்த்தாள். எழுத்து தெரிந்தது. சிமெண்ட்டில் கீறினது, மேலே தெலுங்கு, கீழே தமிழ். அவள் சத்தமாகப் படித்தாள்: "இந்தச் சிறுபாலம்..." அங்கே இரண்டு எழுத்துக்கும் குறுக்கே சுவர் உடைந்திருந்தது. உடைந்த இடத்துக்கு அப்புறம், "...துறையால் கட்டப்பட்டது."

"எந்தத் துறை?" என்று யாருக்கு சார் கத்தினார்.

"அந்தத் துண்டு கீழே விழுந்திருக்கு சார்."

பேண்ட்டை முழங்கால் வரைக்கும் சுருட்டிக்கொண்டு மனிதர் ஓட்டைக்குள் இறங்கிவிட்டார். சேற்றில் கை விட்டுத் துழாவினார். ஒவ்வொரு துண்டாக எடுத்து, தண்ணீரில் கழுவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு துண்டில் அரை எழுத்து கிடைத்தது. தமிழ் படிக்கத் தெரியாத அவரே அது 'ப' என்றார், 'ட' என்றாள் அந்தப் பெண்.

அதே சமயம் ஜீப்பைத் திருப்பப்போன டிரைவர், பின் சக்கரத்தை அதே ஓட்டையின் மறு ஓரத்தில் இறக்கிவிட்டார். ஊர் ஆண்கள் எல்லோரும் ஓடினார்கள். விருந்தாளி ஜீப் ஆயிற்றே என்று என் மாமாவே தோளில் கல் சுமந்தார். ஓட்டையில் கல் போட்டு நிரப்பினால்தான் சக்கரம் ஏறும்.

"போடாதீங்க! மூடாதீங்க! அட்ரஸு உள்ள கீது!" என்று உள்ளேயிருந்து யாருக்கு சார் அலறினார்.

"இன்னா சார் அட்ரஸு, நவுருங்க!"

"எந்த ஆபீசுன்னு இதுலதான் கீது! இன்னும் ரெண்டு நாள் குடுங்க, கண்டுபுடிச்சிடறேன்!"

அப்போது மேலே நின்ற ஜெயாவைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. கற்களைப் பார்த்தாள், பஸ் வருகிற பக்கம் பார்த்தாள். ஓட்டை நிரம்பினால் ஜீப் மட்டுமா ஏறும்?

யாருக்கு சார் சேற்றிலிருந்து கையை எடுத்தார். பிறகு மேலே ஏறி வந்து, மாமா தோளிலிருந்த கல்லை வாங்கி, தான் துழாவிக்கொண்டிருந்த இடத்திலேயே போட்டார். இருபது வருஷமாக எல்லோரிடமும் பதில் கேட்ட மனிதர், கைக்கு எட்டின பதிலின் மேல் தன் கையாலேயே கல்லைப் போட்டதை நான் பார்த்தேன்.

மறுநாள் பஸ் டிரைவர் இறங்கி வந்து கற்களை மிதித்துப் பார்த்தார். "சரே, மழை வர்ற வரைக்கும் ஓட்டறேன்" என்றார். சங்கராந்திக்கு மூன்று நாள் முன்னால் பஸ் ஊருக்குள் வந்தது. தக்காளி மண்டிக்காரருக்கு வேறு பெண் பார்த்துவிட்டார்கள்.

ஜெயாவுக்கு இன்னும் ஒரு வருஷம் படிப்பு பாக்கி. கோடை முடியப்போகிறது, மழையோ அடுத்த மாதமே வந்துவிடும் போலிருக்கிறது. கற்கள் எத்தனை மழை தாங்கும்?

அதனால்தான் இதை எழுதினேன். அனுப்புவதற்கு முன்னால் அவரிடம் படித்துக் காட்டினேன்.

"யாருக்கு?" என்றார்.

"பத்திரிகைக்கு."

"பத்திரிகை மோரி கட்டுமா?"

நான் நீட்டின காகிதத்தை வாங்கி மூலையில் பென்சிலால் ஒன்பது போட்டார். முதல் தடவை வாங்கின ஒன்றிலிருந்து ஒன்பதுக்கு வந்திருக்கிறேன். லாட்ஜில் முதலாளி போனஸ் கொடுத்தபோதுகூட எனக்கு இவ்வளவு பெருமையாக இருந்ததில்லை.

"அந்த ஒரு மார்க்கு இன்னா ஆச்சு சார்?"

"அது உனக்கில்லம்மா. பதில் சொல்ற ஆளுக்கு வச்சிகினு கீறேன்."

எனவே கேட்கிறேன். டேப் பிடித்த இரண்டு இன்ஜினியர்களையும், அவர்களுக்கு மேலே இருப்பவர்களையும், அதற்கும் மேலே இருப்பவர்களையும் கேட்கிறேன். அந்தக் கல்வெட்டுக்கான அர்ஜி யாருக்கு? பரிசீலனை என்று சொல்லாதீர்கள். உங்கள் பெயரைப் போட்டு, உங்கள் ஆபீஸ் பெயரைப் போட்டு, இதே பத்திரிகையில், எல்லோரும் படிக்கிற மாதிரி, "எனக்கு" என்று ஒரு வார்த்தை எழுதுங்கள். அந்த மனிதர் பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்.