டவர் கிடைக்காத சனிக்கிழமை

"இனிமே இந்த வீட்டுல போன் விஷயத்தை நான் பாத்துக்கறேன்!" என்று மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் நெஞ்சை நிமிர்த்தி அறிவித்தபோது, அவருடைய மனைவி வாஷிங் மிஷின் மேல் நின்றுகொண்டிருந்தாள்.

வேறு எங்கே நிற்பாள்? அந்த வீட்டில் டவர் கிடைப்பது அங்கே மட்டும்தான். அதுவும் மிஷின் மேல் ஏறி, ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டி, ஸ்பீக்கரில் போட்டுக் கத்தினால். தெருவுக்கே அவளுடைய வியாபாரம் அத்துப்படி. வீடு வீடாகப் போய் அளவெடுத்து, திரைச்சீலை தைத்து, ராடு மாட்டித் தொங்கவிட்டுக் கொடுப்பது அவள் தொழில். எந்த வீட்டுப் படுக்கையறைக்கு என்ன நிறம் என்பது கீழ் வீட்டு நாய்க்குக்கூடத் தெரியும்.

"ஹலோ... விடுதி மேனேஜர் சாரா? மூணு மாடிக்குமா சார்? எல்லா ரூமுக்குமா? ஹலோ... ஹலோ..."

போன் செத்துப்போனது. அவள் மறுபடி போட்டாள். போகவில்லை. மறுபடி. ஒருவழியாகக் கிடைத்தபோது, "உங்களைப் பிடிக்கறதுக்குள்ள எங்களுக்கு உசுரு போகுதும்மா, வேற ஆளுகிட்ட கொடுத்துட்டோம்" என்றார் மேனேஜர். அது மட்டும் தெள்ளத் தெளிவாகக் கேட்டது.

அவள் கீழே இறங்கினாள். முகத்தைப் பார்த்ததும் கண்ணாடிக்காரர் இரண்டடி பின்வாங்கினார்.

"மூணு மாடி! போச்சு! இந்த அணில் படம் போட்ட கம்பெனி சிம்மைத் தூக்கி முதல்ல குப்பையில போடணும். நாளைக்கே நான் போய் ஊர் முழுக்க டவர் எடுக்கற கம்பெனியாப் பாத்து மாத்திட்டு வரேன்."

"நீயா? வேண்டாம் வேண்டாம்! உனக்கு ஏன் அலைச்சல்? சொன்னேன்ல, நான் பாத்துக்கறேன்."

"நீங்களா? பல்பு மாத்தச் சொல்லி எத்தனை மாசம் ஆச்சு?"

"பல்பு வேற, போன் வேற. சோதனை பண்றது என் தொழில்மா!"

அது பொய்யில்லை. மனுஷர் கடையில் யார் வந்து உட்கார்ந்தாலும் மூக்கில் சட்டத்தை மாட்டி, லென்ஸ் லென்ஸாகச் செருகி, "இது தெளிவா, இல்ல இதுவா? இப்போ? இப்போ?" என்று கேட்டே ஆளைக் களைக்க வைத்துவிடுவார். யாராவது ஒரு எழுத்தில் தடுமாறினால் போதும், விரலைத் தூக்கி, "எங்க தெரியலையோ, அங்கதான் விஷயம் இருக்கு!" என்பார். கடையில் சொல்வது போதாதென்று வீட்டிலும் சொல்வார். சாம்பாரில் உப்பு தெரியவில்லை என்றாலும் அதையேதான் சொல்வார்.

ஆனால் அவர் இந்தப் பொறுப்பைப் பாய்ந்து பிடித்ததற்குக் காரணம் தொழில் பெருமை இல்லை. சனிக்கிழமை.

சனிக்கிழமை மதியம்தான் அவருடைய மனைவி வீடுகளுக்குப் போய்த் திரை மாட்டுவாள். அதற்கு ஏணி பிடிக்க ஓர் ஆள் வேண்டும். ஏணி பிடிப்பது என்றால் சும்மா பிடிப்பதா? சுவரில் ஓட்டை போட வேண்டும், தூசியைத் தின்ன வேண்டும், "இடது பக்கம் கொஞ்சம் ஏத்துங்க, ஐயோ அவ்வளவு இல்ல, இறக்குங்க" என்று ஊரார் முன்னால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். நம்மவரோ சனிக்கிழமை மதியமானால் சோபாக் கடைக்குக் கீழே இருக்கும் நிலவறையில், கேரம் போர்டு முன்னால், ராஜா மாதிரி உட்கார்ந்திருப்பார். அங்கே அவருக்குப் பெயர் 'கண்ணாடி'. அவருக்கு ஜோடி, பல்செட் செய்கிறவர். எதிரே லிஃப்ட் மெக்கானிக்கும் பேக்கரிக்காரரும்.

வீட்டில் என்ன சொல்லியிருந்தார்? "வயசானவங்க கடைக்கு வர முடியாதும்மா. சனிக்கிழமை நானே வீட்டுக்குப் போய்க் கண் டெஸ்ட் பண்ணிட்டு வரேன்." போன் கிடைக்கவில்லையே என்றால், "டவர் இல்ல." அணில் கம்பெனியின் புண்ணியத்தில் ஊரில் பாதி இடத்தில் டவர் இல்லை. அதனால் அவர் எந்தப் பாதியில் இருக்கிறார் என்று கண்டுபிடிக்க யாராலும் முடியாது.

போனை அணைத்து வைத்தால் என்ன என்று கேட்பீர்கள். அதெல்லாம் கல்யாணமான புதிதில் செய்து பார்த்தாயிற்று. அணைத்து வைத்தால் அது திமிர். மணி அடித்தும் எடுக்காவிட்டால் அது துரோகம். ஆனால், 'நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்' என்று ஒரு பெண் குரல் பணிவாகச் சொன்னால், அது விதி! விதியோடு எந்த மனைவி சண்டை போட முடியும்?

இப்போது புரிகிறதா அவர் ஏன் பாய்ந்தார் என்று? ஊர் முழுக்க எடுக்கிற கம்பெனி என்றால் நிலவறையிலும் எடுக்கும். நிலவறையில் எடுத்தால் சனிக்கிழமை போச்சு. அவருக்கு வேண்டியது, வீட்டில் எடுக்க வேண்டும், கடையில் எடுக்க வேண்டும், அவள் போகிற இடமெல்லாம் எடுக்க வேண்டும், கேரம் போர்டில் மட்டும் எடுக்கவே கூடாது.

போன் கடைப் பெண்ணிடம் இதைக் கொஞ்சம் சுற்றி வளைத்துச் சொன்னார். அவள் கண்ணை இடுக்கினாள்.

"சார், எங்கெங்க எடுக்கணும்னுதான் எல்லாரும் கேப்பாங்க. எங்க எடுக்கக்கூடாதுன்னு கேக்கற முதல் ஆள் நீங்கதான்."

"அது... தியானம்மா. அமைதியா உக்காரணும்ல?"

"சுவிட்ச் ஆஃப் பண்ணிட்டு உக்காருங்களேன்."

"உனக்கு இன்னும் கல்யாணம் ஆகல, இல்ல?"

பழைய போன் இரண்டைத் தேடி எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சிம்மைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். குடை கம்பெனி ஒரு பையில், கிளி கம்பெனி ஒரு பையில். சிம் அட்டையில் போட்டிருக்கும் படத்தை வைத்துத்தான் ஊரே அவற்றைக் கூப்பிடும். சந்தில் நின்று இரண்டையும் மாறி மாறிக் கண்ணுக்கு நேரே தூக்கி, "இது தெளிவா, இல்ல இதுவா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். ஆஸ்பத்திரி மாடிப்படியில் கேட்டார். மேம்பாலத்துக்கு அடியில் கேட்டார். மனைவி திரை மாட்டிய வீட்டு வாசல்களில் எல்லாம் நின்று கேட்டார். ஒரு வீட்டில் திருடன் என்று நினைத்து விளக்கைப் போட்டார்கள்.

கடைசியில் நிலவறை. குடை கம்பெனி போனோடு படியில் இறங்கினார். டவர் குறையவே இல்லை. போர்டு பக்கத்தில் போனால் இன்னும் கூடுகிறது!

"அடப்பாவிகளா! பாதாளத்துல கூட எடுக்குதே! குடும்பத்தைக் கெடுக்கற கம்பெனி!" என்று அதைப் பையில் திணித்தார்.

அடுத்தது கிளி. இதுவரை ஊரில் ஒரு மூலைமுடுக்கு விடாமல் எடுத்த கிளி. முதல் படியில் ஒரு கோடு குறைந்தது. அடுத்ததில் இன்னொன்று. கதவைத் தாண்டியதும் சுத்தமாகப் படுத்துவிட்டது. கண்ணாடிக்காரர் போனுக்கு ஒரு முத்தம் கொடுத்தார். பல்செட்காரர் பதறிப்போய் எழுந்தார்.

"யோவ் கண்ணாடி, யாருய்யா அது போன்ல?"

"யாருமே இல்லய்யா! அதுதான் விசேஷம்!"

அன்று சாயங்காலம் வீட்டில் தீர்ப்பு வாசிக்கப்பட்டது.

"கிளி! கண்ணை மூடிக்கிட்டு மாத்தலாம். சந்து, பொந்து, லிஃப்ட்டு, பாத்ரூம், எல்லா இடத்துலயும் எடுக்குது."

"எல்லா இடத்துலயுமா?"

"எல்லா இடத்துலயும்."

"ஒரு இடம் விடாமலா?"

"நானே நடந்து நடந்து பாத்திருக்கேன்மா. செருப்பைப் பாரு!"

அவள் செருப்பைப் பார்த்தாள். உண்மையிலேயே தேய்ந்திருந்தது. "பரவாயில்லையே, எனக்காக இவ்வளவு அலைஞ்சிருக்கீங்களே" என்று சொல்லி அவருக்குக் காபி கலந்து வந்தாள். கேட்காமலே காபி! அந்த வீட்டில் இப்படி நடந்து எவ்வளவு காலம் ஆயிற்று! குடிக்கும்போது ஒரு நிமிஷம் அவருக்கு மனசு உறுத்தத்தான் செய்தது. காபி நன்றாக இருந்ததால் அது அடங்கிவிட்டது.

நம்பர் மாறாமல் கம்பெனி மாறியது. மனைவி வாஷிங் மிஷினிலிருந்து நிரந்தரமாக இறங்கினாள். படுக்கையில் படுத்துக்கொண்டே வியாபாரம் பேசினாள். ஆர்டர் குவிந்தது. "எங்க வீட்டுக்காரர் பாத்து வாங்கிக் கொடுத்தது" என்று தெருவில் எல்லோரிடமும் சொன்னாள். கண்ணாடிக்காரர் தெருவில் நடக்கிற நடையே மாறிப்போனது.

முதல் சனிக்கிழமை. நிலவறையில் ஆட்டம் அமர்க்களம். ஒரு தொந்தரவு இல்லை. வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்.

"எங்க போயிருந்தீங்க? கிடைக்கவே இல்லையே?"

"அந்தப் பெரியவர் வீடும்மா. அங்க டவரே இல்ல."

"ஓ" என்றாள்.

அவ்வளவுதான்! வெறும் 'ஓ'! அதற்கு அடுத்த சனிக்கிழமை அந்த 'ஓ' கூட வரவில்லை. அதற்கப்புறம் வந்த சனிக்கிழமைகளில் அவள் கேட்கவே இல்லை. ஏணி பிடிக்கப் பக்கத்து வீட்டுத் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போனாள். கண்ணாடிக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. போர்டில் ஸ்ட்ரைக்கரைத் தேய்த்துக்கொண்டே பாடம் நடத்தினார்.

"பொண்டாட்டிகிட்ட பொய் சொல்லக்கூடாதுய்யா. கம்பெனியைச் சொல்ல விடணும்!"

"நீ விஞ்ஞானிய்யா!" என்றார் லிஃப்ட் மெக்கானிக். அவர்கள் மூன்று பேரும் அந்த வாரமே கிளிக்கு மாறினார்கள். மூன்று வீட்டு அம்மாக்களுக்கும் ஒரே சந்தோஷம்.

இப்படியாக வந்தது இறுதி ஆட்டம். கோப்பை என்று ஒன்றை பேக்கரிக்காரர் வாங்கி, கேக் டப்பா மேல் நிறுத்தி வைத்திருந்தார். இத்தனை வருஷமாக ஆடியும் கண்ணாடி ஜோடிக்கு அது கிடைத்ததே இல்லை. இன்றைக்கு விட்டால் இனி என்றைக்கு?

ஆட்டம் இழுபறி. கடைசியில் அவர் கை. மூச்சைப் பிடித்துக்கொண்டு சிவப்புக் காயான ரெட்டைத் தட்டினார். ரெட் சத்தமில்லாமல் பைக்குள் போனது. "ஐயோ கண்ணாடி!" என்று பல்செட்காரர் ஆனந்தத்தில் தலையில் கை வைத்தார். இனி ஃபாலோ ஒன்றுதான்; ரெட் செல்ல வேண்டுமானால் அடுத்த அடியில் இன்னொரு காயையும் போட வேண்டும். மூலையில் ஒரே ஒரு வெள்ளைக் காய், கட்டையை ஒட்டிப் படுத்துக் கிடந்தது.

கண்ணாடிக்காரர் விரலை மடக்கினார். கதவு திறந்தது.

"போடுங்க, போடுங்க. ஃபாலோ போடலைன்னா ரெட்டு மறுபடி வெளிய வந்துடுமே?"

அந்தக் குரலை அவர் எங்கே கேட்டாலும் கண்டுபிடிப்பார். திரும்பாமலே வேர்த்தது. கழுத்தில் அளவெடுக்கும் டேப், கையில் டிரில்லிங் மிஷின். கதவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள் அவர் தர்மபத்தினி.

"நீ... நீ எப்படி..."

"அப்புறம் சொல்றேன். முதல்ல காயைப் போடுங்க. மூச்சை விடுங்க."

அவர் மூச்சை விட்டார். அடித்தார். ஸ்ட்ரைக்கர் கட்டையில் முட்டித் திரும்பி, வெள்ளைக் காயைச் செல்லமாகத் தட்டிப் பைக்குள் அனுப்பியது. பல்செட்காரர் நாற்காலி மேல் ஏறிக் குதித்தார். கோப்பை கண்ணாடிக்காரரின் கைக்கு வந்தது. கை தட்டியதில் அவருடைய மனைவியின் சத்தம்தான் பெரிசாக இருந்தது. பொய்க் கைதட்டல் இல்லை, நிஜமாகவே முகமெல்லாம் சந்தோஷம். அதுதான் அவரை இன்னும் கலவரப்படுத்தியது.

"எப்போ தெரியும்?" என்றார் கோப்பையை அணைத்துக்கொண்டு.

"ரெண்டாவது சனிக்கிழமையே. ஊர் முழுக்க எடுக்கும்னு சொன்னீங்கல்ல? எடுத்துச்சுங்க. நான் போன ஒரு இடத்துல கூட கட் ஆகல. அப்புறம் மேல சோபாக் கடைக்கு அளவெடுக்க வந்தேன். கீழ ஒரு ரூம் இருக்கு, அங்கயும் பாருங்கன்னாங்க. படியில இறங்கினேன், டவர் போச்சு. கதவுக்கு அந்தப் பக்கம் உங்க சிரிப்பு."

"அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா?"

"சொன்னா வேற கம்பெனி தேடப் போயிடுவீங்க. எனக்கு இது நல்லா இருக்கு. அணில் இருந்தப்போ கிடைக்கலைன்னா எங்கேன்னு தேடறது? இப்போ கிடைக்கலைன்னா இங்கதான். இவங்க வீட்டு அம்மாக்களுக்கும் சொல்லி வச்சிருக்கேன்."

மூன்று பேரும் அவரவர் போனைப் பார்த்தார்கள். பிறகு கண்ணாடிக்காரரைப் பார்த்தார்கள். விஞ்ஞானியைப் பார்க்கிற பார்வை இல்லை அது.

"இன்னிக்கு மட்டும் ஏன் வந்தே?"

"அந்த விடுதி மேனேஜர் கூப்பிட்டார். முன்ன கொடுத்த ஆளு சரியில்லையாம். இப்போ ஒரே ரிங்குல உங்களைப் பிடிச்சிட்டேனேன்னு அவருக்கு ஆச்சரியம். மூணு மாடியும் நமக்குத்தான்! எல்லாம் உங்களாலதாங்க!"

கண்ணாடிக்காரருக்குச் சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை. கோப்பையைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்துக்கொண்டார்.

அவள் ஒரு விரலைத் தூக்கினாள். அவர் கடையில் தூக்குவாரே, அதே மாதிரி.

"எங்க தெரியலையோ, அங்கதான் விஷயம் இருக்கு. நாலு பேரும் கிளம்புங்க, ஆளுக்கொரு ஏணி வாசல்ல நிக்குது."